சியோலில் கொரிய ஊதுபத்தி வாங்கப் போகிறவர்களே, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்சாதோங் தெருவில் பத்தி வாங்கப் போகிறீர்கள், அதுவும் முதல் முறையாக என்றால், "மலைக்கோயில் பிக்குகள் கையால் செய்த சுத்தமான அகில்" என்று சொல்லி செலஃபேன் ஒட்டிய மரப்பெட்டியை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். என்னிடம் 60,000 வோன் வாங்கிக்கொண்டு கொடுத்தது சென்ட்டில் முக்கியெடுத்த மூங்கில் குச்சி.

கடையில் இருந்த அம்மா பேசியதெல்லாம் அன்பாகத்தான் பேசினார். ஜேஜு தீவு மலையில் வளர்ந்த அகில் மரமாம், கோயில்களுக்கு மட்டும் போகிற சரக்காம். பெட்டி மேலே பெக்ஜே என்கிற பழங்காலக் கொரிய அரசின் காலத்து வெண்கலத் தூபக்கலசத்தின் படம். அந்தக் கலசம் உண்மையிலேயே அற்புதமானது, 1993இல் கொரியாவின் புயோ என்ற ஊரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது, 61.8 செ.மீ. உயரம், இப்போதும் புயோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் அதன் படத்தை எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாமே. ஒன்றைக் கொளுத்திக் காட்டுங்கள் என்று கேட்டேன், பிரித்தால் மணம் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

அறைக்கு வந்து பிரித்ததும், கொளுத்துவதற்கு முன்பே நெடி தூக்கியது, மலிவான கார் சென்ட் மாதிரி. கொளுத்தினால் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஜன்னலைத் திறந்து வைத்தும் ராத்திரி வரை போகவில்லை. பெட்டிக்கு அடியில் கொரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர், அதன் ஓரம் பிய்ந்திருந்தது, உரித்துப் பார்த்தால் உள்ளே சீனத் தயாரிப்பு என்று அச்சாகியிருக்கிறது. சீனாவில் செய்ததே தவறு என்று சொல்லவில்லை, அங்கே அருமையான பத்தி கிடைக்கும். மறைத்து விற்றதுதான் அயோக்கியத்தனம்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டவை: கொரியாவில் வழக்கமாகக் கோயில்களிலும் ஜேசா என்கிற முன்னோர் வழிபாட்டிலும் ஏற்றுகிற பத்திக்கு நடுவில் மூங்கில் கிடையாது. மரத்தூளைப் பிசைந்து இழையாகப் பிழிந்து காயவைத்தது, லேசாக அழுத்தினால் ஒடிந்துவிடும், சாம்பல் நிரப்பிய கலசத்தில் நட்டு ஏற்றுவார்கள். அகில் மரம் ஜேஜு மலைகளில் இயற்கையாக வளர்வதே இல்லை. வியட்நாம், இந்தோனேசியா பக்கமிருந்து வர வேண்டும், அந்த மரம் காயம்பட்டுப் பூஞ்சை பிடித்து உள்ளே பிசின் ஊறினால்தான் மணம், அதனால்தான் அந்த விலை. நல்ல அகில் பத்தி கொளுத்தாமல் இருக்கும்போது லேசாகத்தான் மணக்கும்.

மறுநாள் ரசீதோடு போனேன், கூடவே கொரிய நண்பர் ஒருவரும் வந்து பேசினார். பிரித்த பொருளுக்குப் பணம் தர மாட்டோம், வேண்டுமானால் வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஸ்டிக்கரைக் காட்டியதும் அந்த அம்மா உள்ளே போய்விட்டார், திரும்பி வரவேயில்லை. வேறு பொருள் எதுவும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜோக்யேசா கோயில், அதன் எதிரே வரிசையாகப் பூஜைப் பொருள் கடைகள். அங்கே உள்ளூர்ப் பாட்டிகள் வாங்கும் சாதாரண ஹியாங்நாமு பத்தி, ஜூனிபர் வகை மரம், ஒரு கட்டு வாங்கினேன். பெட்டிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கேட்காமலே ஒன்றை ஏற்றிக் காட்டினார் கடைக்காரர். மெல்லிய புகை, பென்சில் சீவினால் வருகிற மாதிரி உலர்ந்த மரவாசம், கண் எரியவே இல்லை. முதல் முறை என்றால் இதிலிருந்து தொடங்குங்கள்.

சரி, ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? ரசீதையும் ஸ்டிக்கரையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1330க்கு அழையுங்கள், அது சுற்றுலா உதவி எண், ஆங்கிலத்தில் பேசலாம். கொரியாவிலேயே இருப்பவர்கள் நுகர்வோர் ஆலோசனைக்கு 1372ஐ அழைக்கலாம். கொரிய ஆன்லைன் கடையில் வாங்கியிருந்தால் பொருள் கைக்கு வந்து 7 நாட்களுக்குள் திருப்பித் தர உரிமை உண்டு, விளம்பரத்தில் சொன்னது ஒன்று வந்தது வேறு என்றால் 3 மாதம் வரைகூட. நேரில் வாங்கியவர்களுக்கு அந்த 7 நாள் சலுகை இல்லை, அதனால் கடையிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.