பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா?

லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒரு டிரைவ் வாங்கி, பேக்கப்பையும் அதிலேயே போட்டு வைப்பவர்கள்தான் அதிகம். இரண்டும் வேறு வேறு வேலை. லேப்டாப்பில் அழித்துவிட்டு வெளி டிரைவில் மட்டும் படங்களை வைத்தால் அது பேக்கப் இல்லை, குடி மாறியது அவ்வளவுதான். அதே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். உங்களுக்கு எந்த வேலை என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்தான் அதிகம் விற்பது. தனி அடாப்டர் வேண்டாம். 6 டிபி வரை கிடைக்கிறது. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் விநாடிக்கு 100 முதல் 130 எம்பி வரை வரும். 1 டிபி நகலெடுக்க இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இது பெரிய கோப்புகளுக்கான கணக்கு. வாட்ஸ்அப் படங்கள் போல லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் என்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

இவற்றில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருவதுபோல, தகவல் எழுதப்படும் தடங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு ஓடு உடைந்தாலும் அதன்மேல் ஏறியிருப்பதை எல்லாம் கழற்றித்தானே மாற்ற வேண்டும்? இங்கும் அதே கதை. வரிசையாக எழுதிக்கொண்டே போகும்வரை வித்தியாசம் தெரியாது. நிறைந்த டிஸ்கில் அழித்து அழித்து எழுதினால் வேகம் 20 எம்பிக்கும் கீழே படுத்துவிடும். வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க இது போதும். வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது.

செருகியதும் டிக் டிக் என்று சத்தம் வந்து டிரைவ் தெரியாமல் போனால் உடனே பயப்பட வேண்டாம். உள்ளே தகவல் பதியும் தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் அது நிறைய மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. ஹப்பை எடுத்துவிட்டு, குட்டையான கேபிளில் நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். அப்போதும் டிக் டிக் என்றால் எழுதும் தலை போயிருக்கலாம். திரும்பத் திரும்பச் செருகினால் தட்டில் கீறல் விழலாம். இன்னொன்று: சில மாடல்களில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஆட்டம் கண்டால், டிஸ்கைக் கழற்றி வேறு கேஸில் போட வழியில்லை.

மேசை மேல் வைக்கும் 3.5 அங்குல டிஸ்கில் ஒரு டிபிக்கு ஆகும் விலை பொதுவாகக் குறைவு, கொள்ளளவும் மிக அதிகம். ஆனால் 12 வோல்ட் அடாப்டர் தேவை. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவ் எழுதும்போதே அணைந்துவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இது வேண்டாம்.

எஸ்எஸ்டி தகவலைச் சிப்பில் வைப்பது, சுழலும் பாகம் எதுவும் இல்லை. பையில் போட்டு அலைபவர்களுக்கு ஏற்றது. பெட்டியில் 1,000 எம்பி வேகம் என்று போட்டிருப்பது 10 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 10 ஜிகாபிட்) போர்ட்டில் மட்டும்தான், அதுவும் பல மாடல்களில் முதல் சில பத்து ஜிபிக்குத்தான். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் மலிவான க்யூஎல்சி வகைகளில், கேச் எனும் வேகமான தற்காலிக இடம் நிறைந்ததும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் கீழே போகும். ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்கவும் இது ஏற்றதல்ல. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக.

ஆக, தினமும் திறந்து வேலை செய்ய எஸ்எஸ்டி, எடுத்து வைக்க ஹார்டு டிஸ்க். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஹார்டு டிஸ்கே வாங்குங்கள், லேப்டாப்பில் உள்ளதைப்போல இரு மடங்கு கொள்ளளவில். 16 டிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய் என்று வரும் விளம்பரங்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மெமரி கார்டுதான். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். எந்த டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க ஒருமுறை நிரப்பிச் சோதியுங்கள்.

டிரைவை ஃபார்மேட் செய்யும்போது, விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் முறை. அதை மேக் படிக்கும், எழுதாது. இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபேட் வேண்டும். ஆனால் அதில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு, கிடையாது, நகலெடுக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம்.

மாதம் ஒருமுறை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஹார்டு டிஸ்கின் 05 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்கச் சிக்கலாகி மாற்றக் காத்திருக்கும் பகுதிகள்) இரண்டின் எண்ணிக்கையையும் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறத் தொடங்கினால் முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு எடுங்கள், பிழை திருத்தும் ஸ்கேனை அதற்குப் பிறகு ஓட்டலாம்.