ரெப்போ எல்லாம் ஒரே ஃபைல்லயா, தனித்தனி ஃபைலாவா?

டெபியன், உபுண்டு லினக்ஸ்ல ரெப்போ (சாஃப்ட்வேர், அப்டேட் இறங்குற இடம்) முகவரி எல்லாத்தையும் சோர்சஸ்.லிஸ்ட் ஃபைல்லயே போடலாமா, சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டர்ல பிரிச்சு வைக்கலாமான்னு நிறைய பேருக்கு குழப்பம்.

பாக்க: ஒரே ஃபைல்னா திறந்ததும் எல்லாம் தெரியும். தனித்தனின்னா பேர வச்சே புரியும், ஒழுங்கா பேர் வச்சிருந்தா.

ஒரு ரெப்போவ தூக்க: ஒரே ஃபைல்னா வரிய தேடி முன்னாடி ஹாஷ் (#) போட்டு முடக்கணும், நான் ஒருதடவ பக்கத்து வரிக்கு போட்டுட்டு ரெண்டு வாரம் செக்யூரிட்டி அப்டேட்டே இல்லாம ஓட்டிருக்கேன். தனி ஃபைல்னா அழிச்சா முடிஞ்சுது, .சோர்சஸ்ங்கற புது ஃபார்மட்னா 'எனேபிள்ட்: நோ' போதும்.

பேர்: .லிஸ்ட் இல்லாட்டி .சோர்சஸ்னு முடியணும், ஸ்பேஸ் கூடாது, இல்லன்னா ஆப்ட் (சாஃப்ட்வேர் இறக்கி போடுற டூல்) கண்டுக்காது.

உபுண்டு 24.04லயே உபுண்டு.சோர்சஸ்னு தனி ஃபைலுக்கு போயிட்டாங்க. வெளி ரெப்போ ஒண்ணு சேர்த்தாலும் தனித்தனிதான் நல்லது, டெபியன் ரெப்போ மட்டும்னா பழைய சோர்சஸ்.லிஸ்ட் ஃபைலே போதும்.