வண்டலூரா, எழும்பூரா? பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது

ஒருநாள் சுற்றுலா என்றதும் சென்னைப் பள்ளிகளில் எழும் முதல் கேள்வி இதுதான்: வண்டலூர் உயிரியல் பூங்காவா, எழும்பூர் அருங்காட்சியகமா? பிள்ளைகளிடம் கேட்டால் வண்டலூர்தான் ஜெயிக்கும். இரண்டு இடத்துக்கும் பலமுறை கூட்டிப்போன ஆசிரியர் நான். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் எழும்பூர் என்பேன்.

வண்டலூரில் இருப்பது உயிர். புலி நடக்கும்போது அதன் தோள் ஏறி இறங்குவதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியாது. ஆனால் பூங்கா 602 ஹெக்டேர். வெயில் ஏறிவிட்டால் பாதி விலங்குகள் நிழலில் சுருண்டுவிடும். 'கரடி எங்கே டீச்சர்?' என்று கேட்டபடியே பிள்ளைகள் அடுத்த கூண்டுக்கு ஓடுவார்கள். தலை எண்ணுவதிலேயே எங்கள் பொழுது போய்விடும்.

லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போன 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் படம் வரையச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது, 2014-இல் வெளியானது. விளக்கிச் சொல்ல ஆள் இருந்தபோது 41 சதவீதம் பேரிடம் அறிவு கூடியிருந்தது, இல்லாதபோது 34 சதவீதம். ஆள் இருந்தும் பாதிப்பேர்கூட இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதற்கப்புறம் நான் வண்டலூரில் மூன்றே கூண்டுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். சிங்கவால் குரங்கின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்த ஒரு சிறுமி, வால் நுனிக் குஞ்சம்வரை வரைந்துவிட்டு, "இது ஏன் டீச்சர் கீழேயே இறங்க மாட்டேங்குது?" என்றாள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

எழும்பூரின் குறை தெரிந்ததுதான். கண்ணாடிப் பெட்டி, 'தொடாதே', அசையாத பொருள்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்ததும் போதும் என்பார்கள். அவர்களுக்கு வண்டலூரே சரி.

பெரிய பிள்ளைகளுக்குக் கதையோடு காட்டினால் அங்கே கல்லும் பேசும். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் எழும்பூருக்கு வந்தபின், இதே வளாகத்தில்தான் 1855-இல் சென்னையின் மிருகக்காட்சிசாலையும் பிறந்தது என்று சொன்னால் வாய் பிளக்கிறார்கள். வெண்கலச் சிலைகளை ஒரே நாளில் முழுக்கப் பார்க்க வேண்டாம்; ஒரு நடராஜர் போதும். நான் அதிகம் நிற்பது நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சேகரித்த கற்கருவிகளின் முன்னால். 1863-இல் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் அவர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன், "எங்க பல்லாவரமா மிஸ்?" என்றான். எந்தப் பக்கம் கூர், எங்கே பிடித்திருப்பார்கள் என்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, செவ்வாய்க்கிழமை வண்டலூர் விடுமுறை. நாளைப் பார்த்து வையுங்கள்.

அன்று சாயங்காலம் பஸ் பல்லாவரத்தைத் தாண்டும்போது, ஜன்னல் வழியே ஐந்தாறு தலைகள் மலைப்பக்கம் எட்டிப் பார்த்தன.