பெட்ரோலா, பேட்டரியா, துடுப்பா? மலை ஏரியில் ஒரு படகுக் கணக்கு

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஏரியில் படகு விடும் குத்தகையை மச்சான் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. பன்னிரண்டு பேர் உட்காரும் கூரைப் படகு இரண்டு, துடுப்புப் படகு நான்கு. கணக்கு எழுதுவது நான். போன ஜனவரியில் ஒரு காலை, பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பியதும் படகுத்துறையைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்தது. அதே ஏரியிலிருந்துதான் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது. “அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம்” என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். கேட்டதும் நியாயம்தான். சரி, என்ன மாற்றலாம் என்று உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் டூ ஸ்ட்ரோக். இதற்காக வாதாட ஒன்றுமில்லை. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஊற்றுகிறோம்; கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினில் அதில் கால் பங்கு வரை எரியாமலேயே வெளியே போகும். புகை வெளியேறும் வாய் தண்ணீருக்குள் இருப்பதால், போவது நேராக ஏரிக்கு. மலையில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. ஊட்டி 7,300 அடிக்கு மேல். காற்று மெலிந்திருக்க, கீழ்நாட்டுக்கு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொட்டும். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஜெட்டை மாற்றினால் புகை குறையும், படலம் போகாது.

ஃபோர் ஸ்ட்ரோக் நல்ல முன்னேற்றம். ஆயில் தனியாக உள்ளேயே சுற்றும். எரியாமல் போகும் பெட்ரோல் மிகக் குறைவு. சத்தமும் பாதி போல் தோன்றும். ஆனால் உயரத்துக்கு இதுவும் தப்பாது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி குறையும் என்பது மெக்கானிக்குகளின் வழக்கமான கணக்கு. பில்லில் 9.9 ஹெச்பி என்று இருப்பது எங்கள் ஏரியில் எட்டைத் தொடாது. மின் மோட்டாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதற்குக் காற்று வேண்டாமே! மலைக்காரர்கள் பேட்டரிப் படகை யோசிக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

ஆனால் “பேட்டரி” என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மச்சான் முதலில் கேட்டது இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஆசிட் பேட்டரி. விலை குறைவு, ஊட்டியிலேயே கிடைக்கும், பழசைக் கொடுத்தால் கடைக்காரரே கழித்துக்கொள்வார். நானும் ஒத்துக்கொண்டிருப்பேன், எடையைக் கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால். மெதுவாகப் போனால் எங்கள் படகுக்கு ஒரு சுற்று இருபது நிமிடம், சுமார் 2 கிலோவாட் இழுக்கும். நாளைக்குப் பன்னிரண்டு சுற்று என்றால் 8 யூனிட். ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் சட்டென்று குறையும். 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 0.6 யூனிட், எடை கிட்டத்தட்ட 30 கிலோ. எட்டு யூனிட்டுக்குப் பதினான்கு பேட்டரி, அதாவது 400 கிலோவுக்கு மேல். ஆறு பயணிகள் காசு கொடுக்காமல் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து வருவது போல. குளிரில் இது இன்னும் சுணங்கும்: பூஜ்ஜியம் டிகிரியில் சொன்ன கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இதே 8 யூனிட் சுமார் 100 கிலோவுக்குள் அடங்கும். ஆயிரக்கணக்கில் சார்ஜ் தாங்கும். விலை கேட்டதும் மச்சான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார், அது வேறு விஷயம். மலைக்கு ஒரு எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக்கூடாது, செல் கெட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை தார்ப்பாயில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது சொருகாதீர்கள். கடைசிச் சுற்று முடிந்து பேட்டரி கதகதப்பாக இருக்கும்போதே, மாலையில் சொருகிவிடலாம். பழையதை எங்கே கொடுப்பது? 2022-ம் வருட பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப எடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“கரண்ட்டில் ஓடினால் மாசே இல்லை” என்று விளம்பரம் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இதே வேலைக்கு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 9 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. சார்ஜ் இழப்பையும் சேர்த்து 9 யூனிட் கரண்ட் என்றால், இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ போலப் பார்த்தால் 6 கிலோவுக்கு மேல். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பக்கத்திலேயே 1932 முதல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடுகிறதே என்று மச்சான் சொன்னார். கம்பியில் வருவது கலந்த கரண்ட்தான் மச்சான், அது நமக்கென்று தனியாக ஊற்றாது என்றேன். ஆனால் ஏரிக்குள் விழும் எண்ணெய் பூஜ்ஜியம். லைன் வீட்டுக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

சோலார்? கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற 75 பேர் படகு சூரிய ஒளியில் ஓடுகிறது. அகலமான காயலில் அகலமான கூரை. எங்கள் படகுக் கூரையில் பலகை வைத்தால் பாதி நேரம் சில்வர் ஓக் நிழல், மீதி நேரம் மூடுபனி. படகுத்துறைக் கொட்டகையின் மேல் 2 கிலோவாட் வைப்பது மேல். நல்ல வெயில் நாளில் 8 யூனிட் பக்கம் வரும். குளிர்ந்த காற்றில் சோலார் பலகை கீழ்நாட்டைவிட நன்றாகவே வேலை செய்யும். கூட்டம் வருவதும் ஏப்ரல், மே வெயிலில்தான். ஆடி மழையில் படகுக்கே ஆள் வராது.

இனி காசே செலவில்லாத ஒன்று. மணிக்கு பத்து கிலோமீட்டர் ஓட்டியதை எட்டாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ பாதியாகும். வேகத்தை வேகத்தாலேயே இரண்டு முறை பெருக்கிய அளவில் (வேகம் × வேகம் × வேகம்) சக்தி ஏறுவதுதான் காரணம். ஆழம் குறைந்த கரையோரத்தில் விசிறி கிளப்பும் சேறு அடங்கும், அலை அடித்துக் கரை சரிவதும் குறையும். எந்த எஞ்சின் வாங்கினாலும் இது பொருந்தும் என்பதால் முதல் மாற்றமாக இதைத்தான் செய்தோம். சுற்று நான்கு நிமிடம் நீண்டது. ஒருவரும் புகார் சொல்லவில்லை, நீர்க்காகம் பார்க்க நேரம் கிடைத்தது என்றார்கள்.

துடுப்புப் படகு இவை எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பம் கூரைப் படகைத்தான் கேட்கும். நான்கை ஆறாக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு கூரைப் படகுக்கு லித்தியம். இன்னொன்றை நிறுத்தி, அந்தக் காசில் கொட்டகைக்கு சோலார். காற்று மழையில் யாராவது மாட்டிக்கொண்டால் போய் இழுத்து வர ஒரு சின்ன ஃபோர் ஸ்ட்ரோக், பழசாக வாங்கியது. மாதம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வைக்கிறோம்.

பழைய டூ ஸ்ட்ரோக் இரண்டும் கொட்டகையில் கிடக்கின்றன. கீழே மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் நல்ல விலை கேட்டிருக்கிறார், அவருக்கும் ஒரு குளம் இருக்கிறதாம். மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை.