ஜெய்ப்பூர் கால்: வயலுக்குள் இறங்கும் பாதம்

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் என் மாமா, முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால் என்னும் பொய்க்கால் அணிந்திருக்கிறார். போரில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊரே இல்லை என்னும் அளவுக்கு இருக்கும் வன்னியில், புதிதாகக் கால் பொருத்தப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இதை 1968இல் ஜெய்ப்பூரில் உருவாக்கியவர்கள் ராம் சந்திர சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் சத்திரசிகிச்சை வைத்தியரும் ஆவர். சப்பாத்தும் கதிரையும் உள்ள வாழ்க்கைக்காகச் செய்யப்பட்ட மேலைநாட்டுப் பொய்க்கால்களுடன் குந்தவோ நிலத்தில் இருக்கவோ முடியாமல், நோயாளர்கள் அவற்றைக் கைவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்புவதைச் சேத்தி கண்டார். சர்மாவோ விரல்களுடன் கூடிய மனிதப் பாதத்தையே இறப்பரில் வடித்தார். குதியிலும் முன்பாதத்திலும் நுண்துளை இறப்பர், கணுக்காலில் மரம், வெளியே ரயர் செய்யும் இறப்பர் என்று அடுக்கி, அச்சிலிட்டு வெப்பத்தால் ஒன்றாக்கிய அந்தப் பாதம் எல்லாப் பக்கமும் சற்று வளைந்து கொடுக்கிறது.

அதன் பயனை வயல் வரம்பில் கண்டேன். சாய்ந்த மண்ணிலும் பாதம் படிந்து நிற்கிறது. சேற்றில் இறங்கினாலும் பிறகு கழுவினால் போதும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் மாமா எல்லோரையும் போல வெறுங்காலுடன் நடக்கிறார், பந்தியில் சம்மணமிட்டு இருக்கிறார். எனக்கு இதுவே இந்தக் காலின் மிகப் பெரிய பெறுமதி.

ஆயினும் பாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எஞ்சிய காலை ஏற்கும் குழி பொருந்தாவிட்டால் பயனில்லை. கால்முனையைப் பிளாஸ்டரில் வார்த்தெடுத்து, பாரம் தாங்கும் இடத்தில் செதுக்கிக் குறைத்து, எலும்பு துருத்தும் இடத்தில் பிளாஸ்டர் பூசிக் கூட்டி, அதன்மேல் சூடாக்கிய பொலித்தீன் குழாயை இழுத்துப் படியவைக்கிறார்கள். சிற்பியின் கைத்திறன் இன்றும் தேவைப்படும் இடம் இதுதான். மாமாவுக்கு முதலில் செய்து கொடுத்த குழியில் அந்தச் செதுக்கல் சரியாக அமையாததால் முன்னெலும்பு உரசிப் புண்ணானது. இன்னொரு நிலையத்தில் புதிதாக வார்த்த பின்னரே அவரால் நாள் முழுவதும் நடக்க முடிந்தது. பாதத்தின் பாரமும், வெயில் காலத்தில் குழிக்குள் தேங்கும் வியர்வையும் மெய்யான குறைகளே.

ஆகவே காலைப் பெற்றவுடன் வீட்டுக்குப் புறப்படாதீர்கள். அங்கேயே நடந்து, குந்தி எழுந்து, கழற்றிப் பார்த்து, சில நிமிடங்களில் மறையாத சிவப்பு இருந்தால் குழியைத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.