பணியாரச் சட்டியும் புளி போட்டுத் துலக்கும் கைகளும்

என் வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி போன வாரம்தான் பட்டறையிலிருந்து வீடு திரும்பியது. ஏழு குழிகளையும் கம்பி பிரஷ் வைத்த இயந்திரத்தால் சுரண்டித் துருவை எடுத்துக் கொடுத்தார்கள். கூலி, சட்டி வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதி. பல ஆண்டுகளாக எண்ணெய் ஊட்டி ஏற்றிய கருப்பு முழுவதும் போய், வெளிறிய சாம்பல் நிறத்தில் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கோபம் இன்னும் தணியாத நேரத்தில் எழுதுகிறேன். படிப்பவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம்.

யார் செய்த வேலை என்றால், உதவ வந்தவர்கள் செய்த வேலை. வீட்டில் மணிவிழா. பின்கட்டில் உறவுக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்த கைகளுக்குப் பாத்திரம் என்றாலே பித்தளையும் வெண்கலமும்தான். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால் தங்கம் போல வரவேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளை மேலிருக்கும் மங்கலைக் கரைத்துவிடும், பளபளப்பு வெளியே வரும். அதே புளி இரும்பில் பட்டால் கதை வேறு. கருப்புப் படலத்துக்கு அடியிலுள்ள இரும்பைத் தாக்கிப் படலத்தையே பெயர்த்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்தக் கருப்பை அழுக்கு என்று நினைத்து, "இத்தனை நாளாக இப்படியா வைத்திருந்தீர்கள், ஆச்சி?" என்று வருத்தப்பட்டு, கம்பிச் சுருளும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பிறகு ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் குழிக்குக் குழி செம்பழுப்பு.

இது முதல் முறையும் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் சட்டியைப் பார்த்தால் கை பரபரக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது. உலோக அரிப்பு அதன் முக்கிய ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. துருவைப் பற்றி இவ்வளவு படித்தவர்கள் குடியிருக்கும் ஊரில், ஒரு பணியாரச் சட்டியைத் துருவிலிருந்து காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

அந்தக் கருப்பு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்கட்டுப் பக்கமும் யாராவது படிக்கட்டும். மிக மெல்லியதாகப் பூசிய எண்ணெய் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்பட்டு, இரும்பின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. அதைத்தான் சட்டியைப் பழக்குவது என்கிறோம். நல்லெண்ணெய் இதற்கு ஏற்றது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு சரியாகப் பிடிக்காது. நிறைய ஊற்றினால் சீக்கிரம் பழகும் என்று நினைப்பவர்களுக்குப் பிசுபிசுப்புதான் மிஞ்சும். பூசியதைத் துணியால் முழுக்கத் துடைத்தெடுத்தது போலத் தெரியவேண்டும், மிச்சமிருப்பதே போதும். நடுவில் சின்ன வெங்காயத்தை வதக்குவதும் உண்டு. கடைக்காரர் கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடச் சொன்னார். வார்ப்புத் தூசி போக அது உதவியது, பழக்கியது என்னவோ எண்ணெய்தான்.

இனி நியாயமாகப் பேசவேண்டிய பகுதி. பழகிய பிறகு இந்தச் சட்டி செய்த வேலையை வேறு எந்தப் பாத்திரமும் எனக்குச் செய்ததில்லை. எங்கள் பக்கம் பணியாரம் என்றாலே எண்ணெய்ச் சட்டிதான். வெள்ளைப் பணியாரத்துக்கு உழக்குப் பச்சரிசியின் தலையில் கோபுரமாக உளுந்தைக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, காயும் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் உப்பி மிதந்து வரும். கந்தரப்பமும் அதே வழிதான். ருசியில் குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் பொரித்து மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? மறுநாள் தாளிக்க, அதற்கும் மறுநாள் அப்பளத்துக்கு என்று அது வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி ஏது? நிறம் கறுத்து, கையில் கொழகொழப்பாகி, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிட வேண்டியதுதான். குழிப்பணியாரத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பழகிய சட்டியில் குழிக்குச் சில சொட்டு நல்லெண்ணெய் போதும். கம்பியால் ஓரத்தைத் தொட்டால் பணியாரம் தானாகப் புரண்டு கொடுக்கும். மிச்ச எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

அதற்கு முன் வைத்திருந்தது நான்ஸ்டிக். அதையும் நான் திட்டப் போவதில்லை. பூச்சு உதிர்ந்து வயிற்றுக்குள் போனாலும் உடம்பு அதைச் செரிக்காமல் வெளியேற்றிவிடும். கவலைப்பட வேண்டியது வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சட்னிக்கு அரைக்கப் போவதைத்தான். ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்குகிறது, புகை நல்லதல்ல. பணியாரச் சட்டியைக் காயவைத்துத்தான் மாவு ஊற்றவேண்டும், மறந்துபோவது அந்த நேரத்தில்தான். இரும்புச் சட்டியை மறந்தால் பழக்கியது கொஞ்சம் கருகும், அவ்வளவுதான்.

இரும்புச் சத்து விஷயத்தில் மட்டும் விற்பவர்கள் பேசுவதை முழுக்க நம்பாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. அதனால் இந்தப் பேச்சு நன்றாக விலைபோகிறது. இரும்புப் பாத்திரத்திலிருந்து சத்து உணவில் இறங்குவது உண்மை. ஆனால் புளிப்பும் ஈரமும் உள்ள உணவு நீண்ட நேரம் கொதித்தால்தான் கணிசமாக இறங்கும். நன்றாகப் பழகிய சட்டியில், சில நிமிடம் வேகும் பணியாரத்தில் இறங்குவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் உடம்பில் சேரவேண்டுமென்றால் கூடவே டீ குடிக்கக் கூடாது, அதிலுள்ள டானின் தடுத்துவிடும். எலுமிச்சை பிழிந்த பச்சைக் கொத்தமல்லிச் சட்னி வைத்துக்கொண்டால் உதவும். மாவைப் புளிக்கவைப்பதும் நல்லதுதான், அரிசியிலும் உளுந்திலும் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது.

அதிகம் புளித்த மாவில்தான் இந்தச் சட்டிக்குச் சிக்கல். பெரும்பாலான வீடுகளில் குழிப்பணியாரம் ஊற்றுவதே இட்லிக்கு ஆகாமல் புளித்துப்போன மாவைத் தீர்ப்பதற்காக. சித்திரை வெயிலில் வெளியே வைத்த மாவு மதியத்துக்குள் பொங்கிவிடும். அதை ஊற்றினால் பணியாரத்தின் அடியில் சாம்பல் புள்ளி விழும், நாக்கில் இரும்பு வாடை தட்டும். புளித்து வந்ததும் மாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுகிறேன். அரிசியில் பாதிக்குக் கருப்புக் கவுனி அரிசி போட்டுப் பார்த்ததில் பணியாரம் கருநீலமாக வந்தது. இரவு முழுக்க ஊறினால்தான் அரைபடும். தவிடு நீக்காத அரிசி என்பதால் நார்ச்சத்து உண்டு, இரண்டு பணியாரம் குறைவாகவே சாப்பிட முடிகிறது. கருப்பட்டிப் பணியாரத்துக்குக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டியே ஆகவேண்டும், மண் இருக்கும். அது சர்க்கரைக்கு மாற்று மருந்து என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தீயைக் குறைக்காவிட்டால் இனிப்பு குழியோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு குறை, சின்னது: எரிவாயு அடுப்பில் நடுக்குழி முதலில் சிவந்துவிடும், சுற்றுக்குழிகள் பின்தங்கும். நடுவில் கடைசியாக ஊற்றி, முதலில் எடுத்தால் தீர்ந்தது.

சென்னையிலிருக்கும் தங்கை மகள் நேற்றுக் கேட்டாள்: "பெரியாத்தா, இரும்புப் பணியாரச் சட்டி பாதி விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா?" மேலே எழுதியதைப் படித்தால் வாங்கு என்றுதான் சொல்லவேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் எனும் மின்காந்த அடுப்பு. இந்தச் சட்டியின் அடிப்பக்கம் குழிகள் புடைத்திருப்பதால் அதன்மேல் தட்டையாகப் பொருந்தாது. அது ஒரு காரணம். பாத்திரம் துலக்க ஆள் வருகிறார் என்பது பெரிய காரணம். கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவி எடுத்துவைக்க வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால், இதற்குக் கொடுக்கும் பணம் துருவுக்குத்தான். அவளுக்கு ஒரு நல்ல தோசைக்கல் போதும்.

என்னுடையதற்கு இன்று மாலை முதல் பூச்சு. கருப்பு திரும்பும்வரை எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் இட்லிதான்.