கை கழுவினால் காமாலை இறங்குமா?

டொராண்டோவில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கவே குடும்ப டாக்டரிடம் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். ஊரில் காமாலை வைத்தியர் விடிகாலையிலேயே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டணம் கேட்பதில்லை, வெற்றிலை பாக்கோடு வைப்பதை வைக்கலாம். வந்த பையனின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ஏறியிருக்குப்பா, மூணு நாள்ல இறக்கிடலாம்." இந்த அக்கறை எந்த வாக்-இன் கிளினிக்கிலும் கிடைக்காது. வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகுதான்.

வெண்கலக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர். பையனின் கைகளில் ஏதோ சாற்றைத் தேய்த்து அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவ, தாம்பாளத்தில் வடிந்தது பளீரென்று மஞ்சள். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதற்கு வேண்டியது மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தெளிவும். சுண்ணாம்பைக் கரைத்து ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரை இறுத்தால் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். பட்டையின் துவர்ப்புச் சத்து அந்தக் காரத்தில் பட்டதும் மஞ்சளாகும். காமாலையே இல்லாதவர் கையிலும் இதே மஞ்சள் வரும். மூன்றாம் நாள் சாற்றை நீர்க்கவிட்டால் நிறம் வெளுக்கும், நோய் 'இறங்கிவிடும்'.

பையன் தேறிவிட்டானே என்பார்கள். தேறத்தான் செய்வான், கிருமியால் ஈரல் வீங்கி வரும் காமாலையான ஹெபடைடிஸ் ஏ-யின் போக்கே அது. முதலில் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே ஓங்கரிப்பு. பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். கண் மஞ்சளாகும் சமயத்தில் பெரும்பாலும் காய்ச்சல் தணிந்து பசி மெல்லத் திரும்பும். வைத்தியரிடம் கூட்டிப்போவதோ கண் மஞ்சளான பிறகு. அப்புறம் பேர் யாருக்குப் போகும்?

நம்பிக்கைக்குப் பங்கு உண்டு, ஆனால் எதில் என்று பார்க்க வேண்டும். 2011-ல் வெளியான பாஸ்டன் ஆஸ்துமா ஆய்வில், நிஜ இன்ஹேலர் எடுத்தபோது மூச்சுத் திறன் 20 சதவீதம் கூடியது. போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றும் தராமல் விட்டது, மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் எவ்வளவு தேவலை என்று கேட்டால், போலி வைத்தியத்துக்கும் ஏறக்குறைய நிஜ மருந்துக்குச் சொன்ன பதிலையே சொன்னார்கள். காமாலையிலும் குமட்டலும் அசதியும் மனசுக்குக் கொஞ்சம் கட்டுப்படலாம். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறச்சத்து கட்டுப்படாது.

கீழாநெல்லியை இந்தக் கிண்ணத்தோடு சேர்த்து எள்ளக் கூடாது. அம்மியில் நெல்லிக்காயளவு அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் தரும் அந்தப் பச்சை வாசனை யாருக்கு மறக்கும்! 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கிகளில் கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது, போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வைத்தியர் சொன்ன ஒன்றுதான் பொறுக்கவில்லை: "ரத்தம் எடுக்காதீங்க, ஊசி பட்டா ஏறிடும்." இப்போது சின்ன ஊர் லேபிலும் காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பிலிருபின் அளவும், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவும் கையில் வந்துவிடும். அங்கே இதற்கு ஏங்குகிறோம், இங்கே வேண்டாம் என்கிறார்கள்! எது எந்தக் காமாலை என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மலம் வெளுத்து உடம்பு அரித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பகலெல்லாம் தூங்கி வழிந்து பேச்சு குழறினால் ஈரல் செயலிழக்கிறது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை. சாராயமும், டாக்டரைக் கேட்காமல் விழுங்கும் பாரசிட்டமாலும்தான் கூடாது.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போகிறவர்கள் கிளம்புமுன் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி ஒரு தவணையாவது போட்டுவிடுங்கள், அடுத்தது ஆறு மாதம் கழித்து. கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாளில்தான் நோய் தெரியும். அதனால் திரும்பி வந்தபின் கண் மஞ்சளானாலும் ஊருக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.